ஒரிஜினலை வாங்கி பீரோவில் பூட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் 25 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி நடத்துகிறேன். மாதம் 11 ஆயிரம் சம்பளம் வாங்கும் நர்ஸ்கள் ஆறு மாதம் வேலை கற்றுக்கொண்டு வளைகுடாவுக்குப் பறந்துவிடுகிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்று பாண்டு போடலாமா? வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்: படித்தேன் டாக்டர். நான்கு பக்கத்தில் சம்பளம் எவ்வளவு என்று ஓர் இடத்திலும் இல்லை, 'நிர்வாகம் முடிவு செய்யும்' என்றிருக்கிறது. எம்.சி. ரோட்டில் முந்நூறு ரூபாய்க்குப் புடவை எடுத்தாலே பில்லில் விலை இருக்கும்.

ஒரிஜினலைத் தொடவே வேண்டாம். சரிபார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நடத்துவது அடகுக்கடை இல்லை.

பாண்டே செல்லாது என்று சொல்ல மாட்டேன். விஜயா வங்கி வழக்கில் மூன்று வருடம், 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது, உங்கள் வக்கீலும் அதைத்தான் காட்டுவார். ஆனால் அது பொதுத்துறை வங்கி, நல்ல சம்பளத்து அதிகாரி பதவி, ஆள் எடுக்கவே பெரிய செலவு. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவில் நீங்கள் எழுதும் தொகை வெறும் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும். நீங்கள் கொடுப்பது மாதம் 11 ஆயிரம், கேட்பது ஒன்றரை வருடச் சம்பளம், அந்தப் பெண்ணுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எவ்வளவு செலவானது என்று கோர்ட் கேட்டால் எந்த ரசீதைக் காட்டுவீர்கள்? விலகிய பிறகு ஐந்து கிலோமீட்டருக்குள் வேறு ஆஸ்பத்திரியில் சேரக்கூடாது என்று வரைவில் இருக்கும் வரி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் அதே சட்டத்தின் 27-வது பிரிவில் அப்படியே அடிபடும். (ராயபுரமும் வியாசர்பாடியும் அதற்குள்தானே வருகின்றன, அவர் எங்கேதான் போவார்?)

பத்து நிமிடத் தாமதத்துக்கு அரைநாள் சம்பளத்தைப் பிடிப்பதா? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்தால் நர்ஸ் என்ன செய்வார்? வராத நேரத்துக்கு உரிய பணத்தை மட்டும்தான் பிடிக்கலாம்.

அப்புறம் அந்த நோட்டீஸ் விஷயம். நர்ஸ் விலக மூன்று மாதம், நீங்கள் அனுப்ப 24 மணி நேரம்! இரண்டு பக்கமும் ஒரு மாதம் என்று மாற்றுங்கள். ஷிஃப்ட் நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம், இஎஸ்ஐ, பிஎஃப், 26 வார மகப்பேறு விடுப்பு, எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒரு பிரதி அவரிடமும் கொடுங்கள். விலகினால் அனுபவச் சான்றிதழை இத்தனை நாளில் தருவோம் என்றும் எழுதுங்கள், வெளிநாடு போகிறவருக்கு உயிர்நாடியே அதுதான்.

ஐம்பதுக்குக் குறைவான படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸின் மாதச் சம்பளம் 20 ஆயிரத்துக்குக் குறையக்கூடாது என்று, உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லி அமைத்த குழு பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சரி. ஆனால் உங்கள் நர்ஸ்கள் ஏன் பறக்கிறார்கள் என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

உங்கள் நர்ஸ் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு தகவல்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பாரிமுனையில் இறங்கி ஐகோர்ட் வளாகத்தில் விசாரித்தால் போதும்.