விக்கிப்பீடியாவில் பார்த்த புத்தகம் பக்கத்து நூலகத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டுரையின் அடியில், மேற்கோள்களில் ஐ.எஸ்.பி.என். எண் (நூலின் ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் தனி எண்) இருக்கும். அதைச் சொடுக்கினால் நூல் மூலங்கள் பக்கம் திறக்கும். அங்கிருந்து வேர்ல்ட்கேட் போன்ற, பல நூலகங்களின் நூல் பட்டியல்களை ஒன்றுசேர்த்த கூட்டு அட்டவணைகளுக்குப் போய், எந்தெந்த நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் சில கட்டுரைகளின் கீழே ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகர் ஜான் மார்க் ஆக்கர்ப்ளூம் 2013-இல் தொடங்கிய சேவை அது. உங்கள் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தால், கட்டுரையின் தலைப்பை நூலகப் பொருள் தலைப்பாக (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க நூலகங்கள் வைத்திருக்கும் பெயராக) மாற்றி, அந்த நூலக அட்டவணையிலேயே தேடித் தரும். அருமையான யோசனை. ஆனால் பட்டியலில் இல்லாத நூலகத்துக்கு உதவாது.

தமிழ்ப் புத்தகம் என்றால் கொஞ்சம் சிக்கல்தான். பழைய பதிப்புகளுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணே கிடையாது. சரி, பெயரால் தேடலாம் என்றால், வெளிநாட்டு அட்டவணைகளில் பெயரை ரோமன் எழுத்தில் வைத்திருப்பார்கள். சிலப்பதிகாரத்தை 'எஸ்' (S) போட்டுத் தேடினால் சிக்காமல் போகலாம். அங்கே அது ஆங்கில எழுத்து 'சி'யில் (C) தொடங்கும்!

சென்னைக்காரர் என்றால் கன்னிமாரா நூலகத்தை முதலில் பாருங்கள். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.