கைவேலை கேள்வி பதில்: மூக்கைத் தூக்கும் விமானம்

கே: 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலத்தில் இறக்கை வைத்து ரிமோட் விமானம் ஒன்று செய்தேன். விளம்பரப் பலகைக் கடையில் வாங்கிய 5 மி.மீ. சன்போர்டு. மொத்த எடை 1,400 கிராம். இறக்கையின் நடுவில் விரல் கொடுத்துத் தூக்கினால் சமமாக நிற்கிறது. ஆனால் கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து விழுகிறது. 2212 அளவு மோட்டாருக்குப் பதில் பெரிய மோட்டார் போடலாமா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

ப: மோட்டார் மேல் பழி போடாதீர்கள் தம்பி, அது பாவம். காரணம் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் எடை. சன்போர்டு என்பது பிளாஸ்டிக். பெயர்ப்பலகைக்கு நல்லது, பறப்பதற்கு ஆகாது. நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு. இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். உங்கள் இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். ஒரு சதுர டெசிமீட்டர் சுமப்பது 58 கிராம். கற்றுக்கொள்கிறவர் விமானத்துக்கு சுமார் 30 கிராம் போதும்; அதாவது மொத்தம் 700, 750 கிராம். எடை இரட்டிப்பானால், விழாமல் பறக்கத் தேவையான வேகம் 1.4 மடங்காகும். கை பழகாதவருக்கு அந்த வேகம் ரொம்ப அதிகம்.

அடுத்தது சமநிலை. விரல் இருக்க வேண்டிய இடம் இறக்கையின் நடு அல்ல, முன் விளிம்பிலிருந்து 5, 6 செ.மீ. உங்களுடையது வால் கனத்த விமானம். மூக்கைத் தூக்கிக்கொண்டே போய் வேகம் இழந்து சரிகிறது. பெரிய மோட்டார் போட்டால் இன்னும் வேகமாகப் போய் விழும், அவ்வளவுதான். பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். மூன்று செல், 2200 mAh பேட்டரி ஏறக்குறைய 180 கிராம் இருக்கும். அதை நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மூக்கில் ஈயக்கட்டி ஒட்டுகிற யோசனை வேண்டாம். பேட்டரியோடு தூக்கும்போது மூக்கு லேசாகத் தாழ்ந்திருந்தால் நல்லது.

கே: பன்னிரண்டு வயது பையனுக்குச் செய்து தருகிறேன். இறக்கையில் எய்லரான் (பின் விளிம்பில் ஆடும் மடல்) கட்டாயம் வேண்டுமா?
– வாசகி, ஆற்காடு

ப: வேண்டாம் அம்மா. வாலில் இட வலமாகத் திருப்பும் ரடர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், மோட்டார் வேகம் – ரிமோட்டில் இந்த மூன்று சேனல் (கட்டுப்பாடு) போதும். ஆனால் இறக்கையை ஆங்கில 'வி' போல மடித்தே ஆக வேண்டும். ரடர் விமானத்தை வலப்பக்கம் திருப்பினால், இந்த மடிப்பால் இடது இறக்கைக்குத் தூக்கும் விசை கூடுகிறது. விமானம் தானே வலப்பக்கம் சாய்ந்து வளையும். 1.2 மீட்டர் இறக்கையில் ஒரு பாதியை மேசையில் படுக்க வைத்தால், மறு நுனி 12 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும்.

ரடருக்கும் எலிவேட்டருக்கும் தனியாகக் கீல் வாங்க வேண்டாம். மேல் காகிதத்தையும் ஃபோமையும் மட்டும் அறுங்கள். அடிக் காகிதம் அப்படியே இருக்கட்டும், அதுதான் கீல். அறுத்த விளிம்பைச் சாய்வாகச் சீவாவிட்டால் ஒரு பக்கம்தான் மடியும். பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கியது ஃபோமைக் குதறிவிடும். இறக்கையை உடம்போடு ஒட்டாமல், மூங்கில் குச்சி செருகி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். விழுந்தால் இறக்கை கழன்று வருமே தவிர உடையாது. பையன் கட்டாயம் விழவைப்பான்.

கே: எங்கள் ஊரிலேயே பறக்கவிடலாமா?
– அரக்கோணம் வாசகர்

ப: கடற்படையின் ராஜாளி விமான தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா கேட்கிறீர்கள்? கூடவே கூடாது. வேறு இடம் பார்க்கும்போதும், 2021 ட்ரோன் விதிகளின்படி அரசு வெளியிட்ட வான்வெளி வரைபடத்தில் அது அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலமா என்று பார்த்துவிடுங்கள். வேலூர்க்காரர்கள் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரம் பக்கம் போக வேண்டாம். இடம் கிடைத்தால் விடியற்காலையில் போங்கள், காற்று அடங்கியிருக்கும். அப்புறம், மே மாதத்தில் விமானத்தை மூடிய காருக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஹாட் க்ளூ இளகி ஒட்டு விட்டுவிடும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கும் அந்தச் சூடு ஆகாது.