பாடினால் கல்லா நிறையுமா?

கேள்வி: ஆப்பிரிக்காவில் நாட்டுப்புறப் பாடல்களைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் செய்யக் கற்றுத்தருகிறார்கள் என்று படித்தேன். பாட்டுப் பாடினால் கல்லாப்பெட்டி நிறைந்துவிடுமா?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: நிறையாது. ஆனால் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டல்லவா சிரிக்க வேண்டும்?

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் 'இபோலோவோ' என்று ஒன்று உண்டு. தலையில் தட்டைச் சுமந்து தெருவில் விற்கிறவர்கள் ராகம் போட்டுக் கூவும் பாட்டு. சரக்கின் பெயரோடு நிறுத்தமாட்டார்கள்; அதன் சூட்டையும் பதத்தையும் ருசியையும் சேர்த்துப் பாடுவார்கள். கூடவே நடக்கும் சிறுமிக்கு, எந்தச் சொல்லுக்குக் கதவு திறக்கிறது என்பது காதுவழியே பழகிவிடுகிறது.

அதே நாட்டு இக்போ மக்களின் கதைப்பாட்டு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சிற்றன்னை சந்தையில் உதாராப் பழம் வாங்கிவந்து தன் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறாள். தாயில்லாப் பையனுக்கு மிஞ்சியது அவர்கள் துப்பிய பழுப்புநிறக் கொட்டைதான். அதை மண்ணில் ஊன்றிவிட்டுப் பாடுகிறான். முளை என்கிறான், முளைக்கிறது. வளர் என்கிறான், வளர்கிறது. பிறகு காய்க்கச் சொல்கிறான். பிறகுதான் பழுக்கச் சொல்கிறான். கதை கேட்கும் பிள்ளைகள் அடிக்கு அடி பின்பாட்டுப் பாடியாக வேண்டும். முளைக்கும் முன்னே பழுக்கச் சொல்ல அந்தப் பாட்டில் இடமில்லை. கையில் ஒன்றுமில்லாதவன் எதில் தொடங்குவது, எதுவரை பொறுப்பது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

முதலுக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. இக்போ மக்கள் பியாஃப்ரா என்ற தனிநாடு கேட்டு நைஜீரிய அரசோடு நடத்திய போர் 1970இல் தோல்வியில் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டுதான் என்றது அரசு. அந்த நிலையிலிருந்து இக்போ வியாபாரிகளைத் தூக்கிநிறுத்தியதில் 'இக்பா போய்' முறைக்குப் பெரும் பங்கு உண்டு. பையன் ஒரு வியாபாரியிடம் சம்பளமில்லாமல் சில ஆண்டுகள் இருந்து தொழில் பழகுவான்; முடிவில் அவர் ரொக்கமோ சரக்கோ தந்து தனிக்கடை வைத்துக்கொடுக்க வேண்டும். (கடைசி நேரத்தில் திருட்டுப் பழி சுமத்தி விரட்டும் முதலாளிகளும் உண்டு. அந்தப் பையன்களின் வயிற்றெரிச்சலை மறைத்துவிட்டு இம்முறையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.)

என் கோபம் உங்கள்மீது அல்ல, பாட்டை மட்டும் பிய்த்தெடுத்துக் கரும்பலகையில் எழுதி மதிப்பெண் போட நினைக்கிறவர்கள்மீது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதென்றால், பாடி முடித்த பிள்ளையின் கையில் ஒரு தட்டு வேர்க்கடலையையும் கொடுங்கள். பள்ளி வாசலில் அவளே கூவி விற்கட்டும், விற்ற காசை அவளே எண்ணட்டும்.