முந்திய திகதி போட்ட பில்லை வாங்க வேண்டாம்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

“அப்பாவின் 1972 ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வான். 1995 இடப்பெயர்வில் கிடுகால் மூடிவிட்டுப் போனோம், திரும்பி வந்தபோதும் நின்றது. பின் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை அடித்து, பிள்ளைகளோடு ஊர் சுற்றுகிறோம். ஜனவரியில் நுவரெலியா போவதற்காக டிசம்பர் 12 அன்று மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியின் கராஜில் டீசல் ஹீட்டர் பூட்டுவித்தேன். ஹீட்டரை அவரே எடுத்துத் தந்தார். எல்லாமாக 185,000 ரூபா. 60,000 வங்கிக்கு அனுப்பினேன், மிச்சம் கைக்காசு. பில் இல்லை. ஜனவரி 4 இரவு படுத்திருந்தபோது புகை வந்தது. படுக்கைப் பலகையும் பின்பக்க வயரும் எரிந்துவிட்டன. 11 வயது மகள் வாந்தி எடுத்தாள், இரண்டு நாள் தலையிடி. ஒக்டோபர் 20 அன்றுதான் புல் இன்சூரன்ஸ் புதுப்பித்திருந்தேன். ‘வாகன மாற்றம் அறிவிக்கப்படவில்லை’ என்று கம்பனி மறுத்துவிட்டது. திருத்த 620,000 வேண்டும். கராஜ்காரர் கலியாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேலி செய்தார். அவர்மீது கொலை முயற்சி வழக்குப் போடலாமா? கம்பனியைக் கோட்டுக்கு இழுக்கலாமா? இப்போது அவர் இறங்கி வந்து, செப்டெம்பர் திகதியில் ஒரு பில் எழுதி, தீ வயரிங் கோளாறால் வந்தது என்று ஒரு கடிதமும் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வாங்க வேண்டாம். அந்தக் கடதாசியை வீட்டுக்குள்ளும் எடுக்க வேண்டாம்.

கலியாண வீட்டில் நடந்ததும், அப்பா வானை வாங்கிய கதையும் உங்களுக்கு எவ்வளவு பெரியவை என்று விளங்குகிறது. வழக்கில் அவற்றுக்கு ஒரு சதம் பெறுமதி இல்லை. கொலை முயற்சி என்ற பேச்சையும் விடுங்கள். கொல்லும் எண்ணமோ, சாவு வரும் என்று தெரிந்தே செய்ததோ இல்லாத இடத்தில் அந்தக் குற்றமும் இல்லை. நடந்தது கவனயீனம். அதற்கு வழி வேறு.

சட்டத்தில் உங்கள் விடயம் ஒரேயொரு கேள்வியில் நிற்கிறது: ஹீட்டர் பூட்டியது பொலிசியைப் புதுப்பிப்பதற்கு முன்னா, பின்னா?

காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும், ஆபத்தைக் கூட்டக்கூடிய எதையும் மறைக்காமல் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. மறைத்தால் கம்பனி முழு ஒப்பந்தத்தையும் தள்ளிவிடலாம். தீ அந்த மறைத்த பொருளால்தான் வந்ததா என்ற கேள்விகூட அப்போது எழாது. ஆனால் ஒக்டோபர் 20 அன்று உங்கள் வானில் ஹீட்டர் இல்லை. இல்லாததை மறைக்க முடியாது. ஆகவே நீங்கள் பயந்த அளவுக்கு நிலைமை மோசமில்லை. ஹீட்டர் விடயத்தில் கம்பனிக்கு மிஞ்சியிருப்பது, பொலிசிக் காலத்துக்குள் செய்யும் மாற்றங்கள் பற்றிய நிபந்தனை மட்டும்தான். அது பொலிசியில் இருக்கிறதா, இருந்தால் அதன் சொற்கள் என்ன, மீறினால் என்ன விளைவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அந்த நிபந்தனையை நீங்கள் மீறினீர்கள் என்று நிரூபிக்கும் பாரம் கம்பனியுடையது. மறுப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனை என்று இலக்கம் போடாமல் பொதுவாக எழுதியிருப்பதை நீங்களே சொல்கிறீர்கள். அதுவே உங்களுக்குப் பேச இடம் தருகிறது.

இனி அந்தச் செப்டெம்பர் பில்லைப் பாருங்கள். நீங்கள் அதை உதவி என்று நினைக்கிறீர்கள். ‘ஹீட்டர் நாலு மாதம் பிழையில்லாமல் ஓடியது, ஆகவே தீக்குக் காரணம் அது இல்லை’ என்று காட்டலாம் என்பது உங்கள் எண்ணம். அந்தப் பில் கம்பனியின் கைக்குப் போன அன்றே உங்கள் கிளெய்ம் முடிந்தது. புதுப்பித்த நாளில் ஹீட்டர் வானில் இருந்தது, நீங்கள் சொல்லவில்லை என்பதற்கு உங்கள் கையாலேயே சாட்சி கொடுத்துவிடுவீர்கள்.

கராஜ்காரர் ஏன் செப்டெம்பரைத் தெரிந்தெடுத்தார் என்றும் யோசித்துப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருள் விற்ற நாளில் அல்லது சேவை செய்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். டிசம்பர் 12 இல் இருந்து எண்ணினால் மார்ச் 12 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. செப்டெம்பரில் இருந்து எண்ணினால் அந்தக் கதவு டிசம்பரிலேயே பூட்டியாயிற்று. அவர் இதைத் தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்பது எனக்குத் தேவையில்லை. பலன் ஒன்றுதான்: அந்தத் திகதி அவரை மட்டும் காப்பாற்றும்.

இதுவரை சொன்னது பண நட்டம். இனிச் சொல்வதற்காகத்தான் உங்கள் கடிதத்துக்கு இன்றே பதில் எழுதுகிறேன். பொய்த் திகதி போட்ட பில்லையும் பொய்க் காரணம் எழுதிய கடிதத்தையும் காப்புறுதிக் காசு எடுப்பதற்காகக் கொடுத்தால், உங்கள் காசுப் பிணக்கு குற்றவியல் விடயமாகிவிடும். மோசடியும் பொய் ஆவணம் புனைவதும் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள குற்றங்கள். எழுதியவருக்கு மட்டுமல்ல, பொய் என்று தெரிந்து பாவித்தவருக்கும் பொறுப்பு உண்டு. பெரும்பாலான பொலிசிகளில் வேறொரு நிபந்தனையும் இருக்கும்: கிளெய்மில் மோசடி இருந்தால் எல்லா உரிமையும் போய்விடும். உண்மையான சேதத்துக்குக்கூட ஒன்றும் கிடைக்காது.

இப்படி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வழக்குப் பேசிய கட்சிக்காரர் ஒருவர் ஒரு சிறிய லொறிக்குக் கூடுதல் லைட்டுகள் பூட்டியிருந்தார். அது எரிந்தது. கம்பனி கேள்வி கேட்டவுடன், கராஜில் பழைய திகதியில் ஒரு பில் வாங்கிக் கொடுத்துவிட்டார். என்னிடம் வந்தது அதன் பிறகு. கம்பனியின் சட்டத்தரணி பில்லில் இருந்த திகதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பில் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பில்லின் இலக்கத்துக்கு முந்திய இலக்கம் ஐந்து மாதம் பிந்திய திகதியில் இருந்தது. அந்த மனிதர் இருபது வருடம் வியாபாரம் செய்தவர், ஒருவரையும் ஏமாற்றாதவர். சாட்சிக் கூண்டில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். லொறிக்கான காசும் போயிற்று, வழக்குச் செலவும் அவர் தலையில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் பயந்ததெல்லாம் பொலிஸ் எப்போது வரும் என்பதற்குத்தான். அவருக்கும் முதலில் இருந்தது நியாயமான ஒரு கிளெய்ம்.

உங்கள் விடயத்தில் பில் புத்தகம்வரை போகவும் தேவையில்லை. 60,000 ரூபா அனுப்பிய திகதி வங்கியில் இருக்கிறது. ஹீட்டர் பூட்டும் படத்தை உங்கள் மகன் டிசம்பரில் பேஸ்புக்கில் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்பனி அனுப்பும் விசாரணையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தப் படத்தை இப்போது அழிக்கவும் வேண்டாம். அழித்தால் அது இன்னொரு கேள்வியாக வரும். உண்மையில் அந்தப் படம் உங்களுடைய நல்ல சாட்சி, ஒக்டோபருக்குப் பிறகுதான் ஹீட்டர் வந்தது என்று அது சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பில் தருவதாக அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி உங்களிடம் இருக்கிறது. ‘620,000 தா, இல்லாவிட்டால் இதைப் பொலிசில் கொடுப்பேன்’ என்று அவருக்கு எழுத உங்களுக்குக் கை துருதுருக்கும். எழுதாதீர்கள். குற்றம் சாட்டுவேன் என்று பயமுறுத்திக் காசு கேட்பது தனிக் குற்றம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அப்படித்தான். செய்தியைப் பத்திரமாக வைத்திருங்கள். அவருக்கு ஒரு வரி போதும்: “பில் வேண்டாம், பூட்டியது டிசம்பர் 12.” அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

வானுக்கு வருவோம். கோயில் திருவிழாவுக்கு முன் திருத்திவிட வேண்டும் என்கிறீர்கள். யாரும் தொடுவதற்கு முன்னால், அந்தக் கராஜோடு சம்பந்தமில்லாத ஒரு வாகனப் பொறியியலாளர் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். எரிந்த ஹீட்டரை எறிந்துவிட்டு வழக்குக்கு வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. இந்த ஹீட்டர் டீசலைத் தன் அறைக்குள் எரித்து, புகையைத் தனிக் குழாயால் வெளியே விட்டு, சூடான காற்றை மட்டும் உள்ளே தர வேண்டிய பொருள். அதனால் பொறியியலாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: புகைக் குழாயின் பொருத்து தளத்துக்கு வெளியே இருந்ததா, படுக்கைக்குக் கீழே உள்ளேயே விடப்பட்டிருந்ததா? சைலன்சரின் ஓரம் ஒழுகியதா? சூடான குழாய் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்ததா? பற்றரியில் இருந்து வந்த வயரில் பியூஸ் இருந்ததா? தொடங்கும்போது இந்த ஹீட்டர்கள் 10 அம்பியர் அளவு இழுக்கும். ஐம்பது வருட வானின் பழைய வயரில் அதைச் செருகினால் தீ வயரில் தொடங்கியிருக்கவும் கூடும். அப்படியென்றாலும் பூட்டியவரின் பொறுப்புப் போய்விடாது. ஹீட்டரைத் தெரிந்தெடுத்துத் தந்தவர் அவர்தான். அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கியவருக்கு, அந்தத் தேவைக்கு உகந்த பொருள் கிடைக்க வேண்டும் என்பது 1896 இல் இருந்தே நமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது.

கம்பனி அடுத்துப் பிடிக்கக்கூடிய ஓட்டை ஒன்று உங்களிடம் உண்டு. இருக்கைகளைக் கழற்றியதும் படுக்கை அடித்ததும் புதுப்பிப்பதற்கு முன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் அதை மாற்றவில்லை. புல் இன்சூரன்ஸ் கொடுக்கும்போது கம்பனி வானை உள்ளும் புறமும் படம் எடுத்ததா? அந்தப் படத்தில் படுக்கை தெரிந்தால், தெரிந்துகொண்டுதான் காசு வாங்கினார்கள் என்று நாங்கள் சொல்லலாம். தெரியாவிட்டால், நீதிமன்றத்துக்குப் போக உங்களை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ஆகவே என் ஆலோசனை: வழக்கு வேண்டாம், தீர்த்துக்கொள்ளுங்கள். கம்பனிக்கு உண்மைத் திகதிகளுடன் மீளாய்வுக் கடிதம் எழுதி, எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தீர்கள் என்று கேளுங்கள். அதோடு அவர்கள் பாதித் தொகை தர முன்வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கராஜ்காரர் மீதான முறைப்பாட்டை மார்ச் 12 க்கு முன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் கொடுத்துவிட்டு, இணக்க சபையில் அவரோடு இருந்து பேசுங்கள். ஹீட்டருக்கும் பூட்டுக்கூலிக்கும் கொடுத்த 185,000 ஐத் திருப்பி எடுத்து, வயரிங் வேலையை வேறொரு கராஜில் அவர் செலவில் செய்வித்தால், இரண்டு வருடம் மாவட்ட நீதிமன்றத்துக்கு நடந்து எடுக்கக்கூடியதில் பெரும் பகுதி கைக்கு வந்துவிடும். 620,000 முழுவதையும் அவரிடம் பிடிக்கலாம் என்று நினைத்தால் நீங்கள் இழப்பது காலமும் மனைவி வீட்டு உறவும்தான்.

யாருடன் தீர்த்தாலும், ‘எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று அச்சடித்த தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். மகளின் உடல்நலம் பற்றிய எந்த உரிமையும் இதில் அடங்காது என்று தெளிவாக எழுதுவியுங்கள். வானுக்கான காசோடு அவளுடைய உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுத தகப்பன்மாரை எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் மகள் அரை வரியில் வந்து போகிறாள். மூடிய வானுக்குள் புகையோடு வாந்தியும் தலையிடியும் என்றால் கார்பன் மொனொக்சைட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அது சில மணித்தியாலங்களில் இரத்தத்தில் இருந்து இறங்கிவிடும், இன்று இரத்தம் எடுத்து ஒன்றும் தெரியாது. ஆகவே ஜனவரி 5 அன்று காட்டிய ஆஸ்பத்திரித் துண்டு எங்கே இருந்தாலும் தேடி எடுங்கள். இந்த நச்சின் பாதிப்புச் சிலருக்குக் கிழமைகள் கழித்து மறதியாகவும், கவனக் குறைவாகவும், குணமாற்றமாகவும் வெளிப்படும். பள்ளிக்கூடத்தில் அவள் முன்னைப்போல் இல்லை என்று உங்களுக்கோ ஆசிரியருக்கோ தோன்றினால், கம்பனிக்குக் கடிதம் எழுதுவது அடுத்த நாள் ஆகட்டும். அன்றே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அவளைக் கூட்டிச் சென்று, வானில் நடந்ததை ஒன்றும் விடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.