கறியை விடணுமா, கறி மட்டும் சாப்பிடணுமா? கோத்தகிரி வாசகிக்கு பதில்

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "வீட்டுக்காரருக்கு 54 வயசு, டீ எஸ்டேட்ல கவாத்து வேலை, அதாவது செடியை வெட்டி விடுற வேலை. நாலு வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறார், இப்ப கெட்ட கொழுப்பு 168ன்னு வந்திருக்கு. டவுன்ல ஒருத்தர், சோத்தை நிறுத்திட்டு கறி முட்டை நெய் மட்டும் சாப்பிடணும், கூட மாசம் 6,500 ரூபாய்க்கு புரோட்டீன் பவுடரும் வாங்கணும்ங்கிறார். கோயம்புத்தூர்ல படிக்கிற பையன் கறி, முட்டை, பால் எல்லாத்தையும் விடச் சொல்றான். குளிர்ல நாள் பூரா கத்தி பிடிக்கிற மனுஷனுக்கு கறி இல்லாம தெம்பு இருக்குமா?"

அம்மா, முதல்ல அந்த பவுடரை வாங்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். உடம்பு ஏத்த புரோட்டீன் பவுடர் வேண்டாம்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 உணவு வழிகாட்டியில சொல்லியிருக்கு. இந்த ஆளுங்க ஒரு எடை மெஷினை வச்சுக்கிட்டு, முதல் வாரம் மூணு கிலோ குறைஞ்சிருச்சு பாருங்கன்னு காட்டுவாங்க, சோத்தை நிறுத்தினா உடம்புல சேர்ந்திருக்கிற மாவுச்சத்தும் அதோட பிடிச்சு வச்சிருக்கிற தண்ணியும் முதல்ல இறங்கும், அந்த மூணு கிலோவுல பாதிக்கு மேல அந்த தண்ணிதான், ஆனா அதை நம்பி ஆறு மாச பணத்தை மொத்தமா கட்டிட்டு என்கிட்ட வந்து அழுதவங்க நிறைய பேர்.

சோத்தை நிறுத்தினா சுகர் இறங்குறது உண்மைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க வீட்டுக்காரர் பிரச்சனை சுகரோட நிக்கலையே, கொழுப்பு 168 இருக்கே. ஆட்டுக்கொழுப்பும் நெய்யும் அதிகமானா ரத்தத்துல இருக்கிற கெட்ட கொழுப்பை கல்லீரல் இழுத்து எடுக்கிற வேகம் குறையும். அவரை, கேழ்வரகு, கீரையில இருக்கிற நார் நேர்மாறா வேலை செய்யும்: குடல்ல பித்தத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும், புதுசா பித்தம் செய்ய கல்லீரல் ரத்தத்துல இருந்து கொழுப்பை எடுத்துக்கும். கறியில அந்த நார் ஒரு துளி கூட கிடையாது. இன்னொண்ணு, சுகர் மாத்திரை போடுறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம திடீர்னு சோத்தை நிறுத்தக்கூடாது, சில மாத்திரையோட சேர்ந்தா சுகர் தாழ்ந்து மயக்கமே வரும்.

தெம்பு பத்தி கேட்டீங்க. காஞ்ச அவரை 100 கிராம்ல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, ஆட்டுக்கறியிலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மலையில தலைமுறை தலைமுறையா அவரைக் குழம்பும் களியும் கீரையும் தின்னுதானே ஏத்தம் இறக்கம் எல்லாம் நடந்தாங்க. களி உருண்டை மட்டும் சின்னதா இருக்கட்டும், சுகர் இருக்கு. கறி ஆசைன்னா ஞாயித்துக்கிழமை நாலஞ்சு துண்டு, கொழுப்பை வெட்டி எடுத்துட்டு, குழம்புல அவரையும் போட்டு வைங்க.

உப்புக்கண்டம் மட்டும் வேண்டாம். உப்பு போட்டு, புகை போட்டு பக்குவப்படுத்தின கறியை எல்லாம் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015ல புற்றுநோய் உண்டாக்குறதுன்னு முதல் பிரிவுல வச்சாங்க. தினம் 50 கிராம் சாப்பிட்டா குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும்னு கணக்கு. பேக்கரி சாசேஜும் இதே கணக்குதான்.

பையனுக்கும் ஒண்ணு சொல்லணும். சைவம்னா நல்லதுன்னு எழுதி வச்சிருக்கா என்ன? டீக்கடை வர்க்கி பிஸ்கட்டும் சைவம்தான். ஒரு வர்க்கியை எடுத்து நியூஸ்பேப்பர் மேல அஞ்சு நிமிஷம் வைங்க, எழுத்து பின்பக்கம் தெரியுற அளவுக்கு எண்ணெய் இறங்கியிருக்கும். மைதா, சர்க்கரை, வனஸ்பதி. உங்க வீட்டுக்காரர் காலையும் சாயங்காலமும் டீயோட ரெண்டு ரெண்டு சாப்பிடுறாரான்னு பாருங்க, வாரம் ஒருநாள் கறியை விட அதுதான் என் கண்ணுல முதல் எதிரி.

ரேஷன்ல மட்டும் என்ன வாழுது? அரிசிதான் நிறைய, பருப்பு மாசம் ஒரே கிலோ. நீலகிரியில 2023ல கேழ்வரகு 2 கிலோ குடுக்க ஆரம்பிச்சாங்க, சந்தோஷம், ஆனா ரெண்டு கிலோ எத்தனை நாளைக்கு? சுகர் மாத்திரை வீடு தேடி வருது, தட்டுல என்ன இருக்குன்னு கேக்க ஒருத்தரும் வர்றதில்ல, எத்தனை கூட்டத்துல சொல்லியாச்சு.

இப்ப இதை நல்லா கவனிங்க, இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. பி12னு ஒரு வைட்டமின், செடியில கிடைக்காது. கறி, மீன், முட்டை, பால், தயிர்லதான் இருக்கு. கீரையில இருக்கு, இட்லி மாவுல இருக்கு, ஸ்பைருலினாங்கிற பாசிப் பவுடர்ல இருக்குன்னு சொல்றதை நம்பாதீங்க. அதோட மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 உடம்புல சேர்றது குறையும், உங்க வீட்டுக்காரர் நாலு வருஷமா சாப்பிடுறார், இதுல பையன் பேச்சைக் கேட்டு பாலும் முட்டையும் நிறுத்தினா என்னாகும்? உடனே ஒண்ணும் தெரியாது. கல்லீரல்ல இருப்பு இருக்கும், சில வருஷம் கழிச்சு பாதம் மரத்துப் போகலாம், ஊசி குத்துற மாதிரி இருக்கலாம், எல்லாரும் சுகராலன்னு சொல்லிடுவாங்க. கீரை நிறைய சாப்பிட்டா அதுல இருக்கிற ஃபோலேட் சத்து ரத்தசோகையை மறைச்சுடலாம், ரத்தம் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வரலாம், நரம்பு மட்டும் கெட்டுக்கிட்டே போகும். ஒரு எஸ்டேட் அம்மா இப்படித்தான் செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம லைன் வீட்டுல இருந்து ரோடு வரைக்கும் நடந்து வந்தாங்க. டெஸ்ட் எதுவும் எடுக்காம "நரம்பு ஊசி"ன்னு வாராவாரம் குத்துற ஆளுங்க கிட்டயும் போகாதீங்க. பி12 ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாருங்க, குறைவா இருந்தா பெரும்பாலும் டாக்டர் சொல்ற அளவுல மாத்திரையே போதும். அதுவரைக்கும் தினம் ஒரு டம்ளர் மோரும் வாரம் நாலு முட்டையும் நிறுத்த வேண்டாம்.

கொழுப்பு ரிப்போர்ட்டை இப்பவே டாக்டர்கிட்ட காட்டுங்க, மூணு மாசம் கழிச்சு திரும்ப பாருங்க. டாக்டர் எப்ப மாத்திரை எழுதினாலும் பயப்படாம போடணும், சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம்னு இழுக்காதீங்க.

பவுடர்காரர்கிட்ட ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்திருந்தா இந்த வாரமே போய் திருப்பிக் கேளுங்க, போகும்போது பையனையும் கூட்டிட்டுப் போங்க.