துணி டயப்பர் ஒழுகுது, நாறுது, காயலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இரண்டு பிள்ளைகளுக்கும் துணி டயப்பர்தான் போட்டேன், முதலில் கோயம்புத்தூரில், அப்புறம் தாம்பரத்தில். துவைப்பது சரியாக அமைந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கால்வாசிக்கும் அதுதான் பதில்.

அக்கா, எனக்கு எட்டாம் மாதம். இப்பவே 20 டயப்பர் வாங்கி வைத்துவிடவா?

வேண்டாம்மா. முதல் இரண்டு மாதத்துக்குப் பழைய வேட்டி, நைந்த காட்டன் புடவை, முக்கோணமாகக் கட்டும் நாப்பி, இவற்றில் 25, 30 துண்டு இருந்தால் போதும். பச்சைக் குழந்தை நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும், பிறந்து ஐந்து நாள் ஆன பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு தடவையாவது நனைக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், பால் போதுகிறதா என்பதற்கு அது ஒரு அடையாளம். துணி கட்டினால் அதை எண்ணுவது சுலபம். பாக்கெட் டயப்பர் என்றால் வெளியே ஈரம் கசியாத கவர், அதன் பைக்குள் ஈரத்தை உறிஞ்சும் இன்சர்ட் என்ற துணியைச் செருக வேண்டும். அதில் 5 கிலோ முதல் 17 கிலோ வரை என்று போட்டிருப்பார்கள், ஆனால் 3 கிலோ குழந்தையின் தொடை மெலிசு, எலாஸ்டிக் ஒட்டாது. வேறு வேறு கம்பெனியில் இரண்டிரண்டு மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். எது உங்கள் குழந்தையின் உடம்புக்குப் பொருந்துகிறதோ அதில் மொத்தம் 12 முதல் 15 வாங்கினால் தினமும் துவைக்கிற வீட்டுக்குப் போதும்.

புதுசாக வாங்கி ஒரு தடவை அலசிப் போட்டேன், அரை மணியில் தொடை வழியாக ஒழுகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. புது இன்சர்ட்டில், அதிலும் பருத்தி இழையில், இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும். ஐந்தாறு முறை சோப்பு போட்டுத் துவைத்துக் காயவைத்த பிறகுதான் அது முழுசாக உறிஞ்சும். அடுத்து, போடுகிற விதம். எலாஸ்டிக் தொடையின் சதை மேல் உட்காரக் கூடாது, ஜட்டி போடுவது போலத் தொடை இடுக்கின் மடிப்புக்குள் போக வேண்டும். ஒரு விரலை உள்ளே விட்டுச் சுற்றி வந்தால் எங்கே இடைவெளி என்று தெரியும். இன்சர்ட்டின் ஓரம் ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்கூட ஈரம் அது வழியாக உடுப்புக்கு ஏறிவிடும், அதையும் பாருங்கள்.

நாலு மாதம் நன்றாக இருந்தது. இப்போது துவைத்துக் காய்ந்த துணியிலும் வாடை, குழந்தை நனைத்தவுடன் மூக்கைத் துளைக்கிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்.

இதில் நான் நிறைய அவதிப்பட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் துவைத்த அதே டயப்பர்கள், தாம்பரத்துக்கு வந்து போர் தண்ணீரில் துவைக்க ஆரம்பித்து ஒரே மாதத்தில் நாற ஆரம்பித்தன. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக வேலை செய்யாது, அழுக்கும் உப்பும் சோப்பும் சேர்ந்து இழையில் படியும், உள்ளே தங்கிய மூத்திரம்தான் அம்மோனியா வாடையாக வருகிறது. காய்ந்த இன்சர்ட் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இறங்கினால் சரி. முத்து முத்தாக நின்று உருண்டால் படிவு சேர்ந்துவிட்டது.

நான் செய்தது: முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் அலசி மூத்திரத்தை வெளியேற்றிவிடுவேன். அப்புறம் வெந்நீரில், துணியின் அளவுக்குத் தேவையான முழு சோப்புத்தூளும் போட்டுத் துவைப்பேன், குழந்தைத் துணி என்று பயந்து அரை ஸ்பூன் போடுவதால்தான் பல வீடுகளில் வாடை வருகிறது. கடைசியாக நுரை சுத்தமாகப் போகும்வரை இரண்டு மூன்று அலசல், அதற்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீர் கிடைத்தால் நல்லது. பருத்தி இன்சர்ட்டை மாதம் ஒரு முறை கொதிக்க வைக்கலாம். மேலே இருக்கிற வாட்டர்ப்ரூஃப் கவரைக் கொதிக்க வைக்காதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள், உள்ளே இருக்கிற பூச்சு பிரிந்துவிடும். அழுக்குத் துணியை வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். காற்றுப் படுகிற கூடையில் போட்டு மறுநாளே துவைத்துவிடுவது நல்லது.

பேத்தியின் துணியைக் கிருமிநாசினி ஊற்றி அலசி, மெத்தென்று இருக்க கண்டிஷனரும் போடுகிறேன். மருமகள் வேண்டாம் என்கிறாள்.

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது, இந்த விஷயத்தில் மருமகள் சொல்வதுதான் சரி. கண்டிஷனர் இழை மேல் ஒரு பூச்சாகப் படிந்து ஈரத்தை உறிஞ்ச விடாது. கிருமிநாசினி துணியில் தங்கினால் பிஞ்சுத் தோலுக்கு எரிச்சல். உங்கள் காலத்தில் செய்தது போல வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறைகூட ஈரத்தோடு வெயிலில் போட்டால் மங்கிவிடும். கவரை மட்டும் நிழலில் காயப்போடுங்கள், உச்சி வெயிலில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் படுக்கை நனைகிறது அக்கா. மனைவிக்குத் தூக்கமே இல்லை.

தம்பி, மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழை இன்சர்ட் சீக்கிரம் உறிஞ்சும், ஆனால் குழந்தை அழுத்திப் படுத்தால் பிழிந்தது போல வெளியே விட்டுவிடும். மேலே மைக்ரோஃபைபர், அடியில் மூங்கில் அல்லது ஹெம்ப் (சணல் போன்ற ஒரு நார்) இன்சர்ட் என்று இரண்டு வையுங்கள். மைக்ரோஃபைபர் தோலில் நேரடியாகப் படக் கூடாது, தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும், அதனால் பாக்கெட்டுக்குள்தான் வைக்க வேண்டும். பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஆய் போனால் ராத்திரியானாலும் உடனே மாற்றியாக வேண்டும், அந்த ஒரு தடவை நீங்கள் எழுந்துகொள்ளுங்கள்.

இடுக்கில் சிவந்து போயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவட்டுமா?

முதலில் நாளில் சில மணி நேரம் ஒன்றும் போடாமல் காற்றாட விடுங்கள். எண்ணெயோ கிரீமோ தடவினால் மேலே ஒரு மெல்லிய மல் துணியைப் போட்டுவிட்டு டயப்பர் கட்டுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் இன்சர்ட்டில் இறங்கி உறிஞ்சாமல் போகும். சிவப்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பரவினாலோ, மடிப்புக்குள் அடர்த்தியாகச் சிவந்திருந்தாலோ, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ அது பூஞ்சையாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தாதீர்கள்.

ஐப்பசி மழையில் ஒன்றும் காய மாட்டேன் என்கிறது.

பாக்கெட்டிலிருந்து இன்சர்ட்டை உருவித் தனியாகப் போடுங்கள், ஃபேனுக்கு அடியில் கவர் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், தடித்த இன்சர்ட்தான் ஒரு நாளுக்கு மேல் இழுக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும், தைத்த இன்சர்ட்டுக்குப் பதிலாக ஒற்றை மடிப்புக் காட்டன் துணியை நாலாக மடித்துப் பாக்கெட்டுக்குள் வைத்தேன். விரித்துப் போட்டால் சீக்கிரம் காயும், கொஞ்சம் ஈரமிருந்தால் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

ஏழு மாதம், கூழ் கொடுக்கிறோம். ஆய் துணியை மெஷினில் போடலாமா?

தாய்ப்பால் மட்டும் குடித்தவரை தண்ணீரிலேயே கரைந்துவிடும். இப்போது அப்படி இல்லை, கெட்டியாக இருப்பதை டாய்லெட்டில் உதறி, குழாயடியில் அலசிவிட்டு அப்புறம் மெஷினில் போடுங்கள்.