எடிட்டோரியல் படத்தை விளம்பரத்தில் வைக்கலாமா?

படங்களை விற்கும் இணையதளத்தில் பணம் கட்டி வாங்கிய மாரத்தான் படத்தை உங்கள் உடற்பயிற்சி நிலைய விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 'எடிட்டோரியல் பயன்பாட்டுக்கு மட்டும்' (அதாவது செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும்) என்று படத்தின் கீழே இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். நீங்கள் கட்டியது புகைப்படக்காரரின் காப்புரிமைக்கான கட்டணம். படத்தில் ஒருவர் முகம் தெளிவாகத் தெரிய ஓடுகிறாரே, அவரிடம் மாடல் ரிலீஸ் (தன் படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தச் சம்மதிக்கும் கடிதம்) கையெழுத்து வாங்கியிருக்க மாட்டார்கள்; அவர் பனியனில் உள்ள நிறுவனச் சின்னமும் இன்னொருவருடைய சொத்து. செய்திக் கட்டுரை என்றால் பரவாயில்லை. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உரிமத்தின் நிபந்தனை அப்படியேதான் இருக்கும். கூடுதல் பணம் கொடுத்து விரிவான உரிமம் வாங்குவதும் வீண்; அது பெரும்பாலும் அச்சுப்பிரதிகளின் எண்ணிக்கை, டி-ஷர்ட் விற்பனை போன்றவற்றுக்கானது. அந்தத் தளத்தின் தேடலில் எடிட்டோரியல் படங்களை விலக்கிவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் படத்தை இன்னும் எங்கும் பயன்படுத்தவில்லை என்றால், பணம் திரும்பக் கிடைக்குமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.